மாஸ்டர் சீஃப் மார்க் 6 கவசம்: ஃபோமா, 3டி பிரிண்டா, அளவு எப்படி எடுப்பது?

#1 சேலம்_ஸ்பார்ட்டன்

வணக்கம் நண்பர்களே. ஹேலோ 3 வீடியோ கேமில் நாயகன் மாஸ்டர் சீஃப் போடும் மார்க் 6 கவசம் முழு செட்டாகச் செய்யப்போகிறேன். உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ. கையில் 220×220×250 மி.மீ. பெட் (அச்சுத் தட்டு) உள்ள 3டி பிரிண்டர், ஒரு ஹீட் கன், ஒரு கட்டர், பெப்பகுரா பேட்டர்ன் (தாளில் வெட்டி மடித்து ஒட்டும் வரைபடம்) இருக்கின்றன.

கேட்க வேண்டியவை இவைதான். முழு மாடலையும் உயரத்தை வைத்து ஒரே ஸ்கேலில் சுருக்கினால் போதுமா? எல்லாவற்றையும் பிரிண்ட் செய்யலாமா, ஃபோமில் (ஈவிஏ நுரை ஷீட்) வெட்டலாமா? நிகழ்ச்சியில் ஆறு மணி நேரம் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்.

#2 நுரைக்கத்தி

ஒரே ஸ்கேல் வேண்டாம் ப்ரோ. சீஃப் கவசத்தோட ஏழடி தாண்டுற ஆளு, அதுவும் கேம் மாடல். கால் நீளம், தோள் அகலம் எதுவும் நம்ம உடம்பு விகிதத்துல இல்ல. உயரத்தை மட்டும் வெச்சு சுருக்கினா கெண்டைக்கால் நீளம் சரியா வரும், தொடை நுழையாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா ஸ்கேல் பண்ணணும். ஆர்மர்ஸ்மித் சாஃப்ட்வேர்ல உங்க உடம்பு அளவைக் கொடுத்து பொம்மை மேல துண்டுகளை மாட்டிப் பாக்கலாம். காசு செலவு வேண்டாம்னா பிளெண்டர்ங்கற இலவச 3டி சாஃப்ட்வேர்லயே பண்ணலாம்.

அளவை வெறும் உடம்புல எடுக்காதீங்க. உள்ளே போடப்போற கருப்பு உடுப்பைப் போட்டுக்கிட்டு எடுங்க. முன்கையை முஷ்டி மடக்கி அளக்கணும், தொடையை நின்னும் உக்காந்தும் அளக்கணும். ரெண்டுல பெருசு எதுவோ அதுதான் கணக்கு.

இனி முக்கியமான விஷயம். பெப்பகுரா பேட்டர்ன் தாளுக்கு வரைஞ்சது, தாளுக்குத் தடிமன் கிடையாது. ஃபோமுக்கு உண்டு. 10 மி.மீ. ஷீட்ல ஒரு வளையம் செஞ்சா வெளிச்சுற்றளவுக்கும் உள்சுற்றளவுக்கும் வித்தியாசம் 2 × 3.14 × 10, அதாவது சுமார் 63 மி.மீ. 6 மி.மீ. ஷீட்னா 38 மி.மீ. பேட்டர்ன் காட்டுறது வெளித்தோல். உள்ளே இவ்வளவு குறையும்னு தெரியாம வெட்டினா துண்டு முழுக்க ஒட்டி முடிச்ச பிறகுதான் கை நுழையலைன்னு தெரியும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். முன்கை சுற்றளவு 29 செ.மீ. சுத்திலும் 1 செ.மீ. காத்து இடைவெளி விட்டா 6.3 செ.மீ. கூடும்: 35.3. ஷீட் 6 மி.மீ. ஆச்சே, அதுக்கு 3.8: மொத்தம் 39.1 செ.மீ. பேட்டர்ன்ல முன்கையோட பருத்த இடம் இந்த அளவுக்கு வர்ற மாதிரி ஸ்கேல் பண்ணுங்க.

இன்னொன்னு: மணிக்கட்டுப் பக்கத்து வாய். கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி விரல் கணுக்களைச் சுத்தி அளங்க. உள்வாய் அதைவிட 1 செ.மீ. கூட இருக்கணும். அவ்வளவு அகலம் வெச்சா கை உலக்கை மாதிரி தெரியும்னா, உள்கைப் பக்கம் நீளவாக்குல பிளந்து ஒரு பக்கம் துணிக் கீல், மறுபக்கம் வெல்க்ரோ.

வெட்டுறதுக்கு முன்னால சாதா அட்டையில ஒரு முன்கை, ஒரு தொடை ஒட்டிப் போட்டுப் பாருங்க. அட்டை காசு நஷ்டமில்லை.

#3 ஃபிலமெண்ட்117

அளவு பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. தலைக்கவசத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். அதை உடம்பு ஸ்கேலோடு கட்டாதீர்கள். உள்ளே நுரை மெத்தை, மின்விசிறி, கண்ணாடி போட்டிருந்தால் அதுவும் நுழைய வேண்டும் என்று பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி ஆகிவிடும். தலையின் அகலத்தைக் காதுக்கு மேலே அளந்து, இரண்டு பக்கமும் ஒன்றரை செ.மீ. மட்டும் சேருங்கள். தலையை நுழைக்கும் கீழ்வாய் போதாவிட்டால் ஸ்கேலைக் கூட்டாமல் பின்மண்டைத் துண்டைத் தனியாகப் பிரித்துக் காந்தத்தில் மாட்டுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை என் ஓட்டு பிரிண்டுக்கு. மார்க் 6-இன் அழகே அதன் கூர்மையான விளிம்புகளும் பேனல் கோடுகளும்தான். ஃபோமில் எவ்வளவு பழுத்த கை வெட்டினாலும் விளிம்பு கொஞ்சம் உருண்டுதான் நிற்கும். பிரிண்டில் பேட்டர்ன் விரிப்பது, சரிவு வெட்டுவது எதுவும் இல்லை. ஃபைலைக் கொடுத்தால் துண்டு வருகிறது.

பேட்டர்ன் எந்த கேமின் மாடல் என்பதையும் பாருங்கள். ஹேலோ 2 (2004), ஹேலோ 3 (2007), இன்ஃபினிட் (2021) மூன்றிலும் சீஃப் போடுவது மார்க் 6 தான். ஆனால் மார்புத் தகடும் தொடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

#4 நுரைக்கத்தி

தலைக்கவசத்துக்கு பிரிண்ட் ஓகே. தொடைக்கும் மார்புக்கும் ஒத்துக்க மாட்டேன். ஆறு மணி நேரம் நடக்கணும்னு முதல் பதிவுலயே சொல்லியிருக்கார். நடக்கும்போது ரெண்டு தொடைக் கவசமும் உள்பக்கம் உரசும். ஃபோம் அமுங்கிக் கொடுத்துட்டுத் திரும்பும். பிளாஸ்டிக் அமுங்காது, அதனால காலை அகட்டி அகட்டி நடக்கணும், சாயங்காலம் இடுப்பு போயிடும். கூட்டத்துல ஒருத்தர் முதுகுல மோதினா ஃபோம்ல ஒண்ணும் ஆகாது, பிரிண்ட் லேயர் வழியே பிளக்கும், பிளந்த ஓரம் கத்தி.

எடையும் இருக்கு. அதே தொடையை 10 மி.மீ. ஃபோம்ல செஞ்சா கையில இருக்கறதே தெரியாது.

#5 ஃபிலமெண்ட்117

தொடை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். டிபியு என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் பிரிண்ட் அடித்தால் வளையும் என்று சிலர் சொல்வார்கள். வளையும்தான். ஆனால் டிபியு-வை உப்புத்தாளில் தேய்க்க முடியாது, லேயர் கோடு அப்படியே நிற்கும். மூட்டு மூடிகளுக்கு வேண்டுமானால் போதும்.

அப்படியென்றால் பிரிவினை இது: தலைக்கவசம், புறங்கைத் தகடு, மார்பில் ஒட்டும் சிறு பெட்டிகள் எல்லாம் பிரிண்ட். மார்பு, முதுகு, தோள், முன்கை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், ஷூ மூடி எல்லாம் ஃபோம். இடம் மாறாத துண்டுக்குக் கடினம், உடம்போடு அசையும் துண்டுக்கு மென்மை.

இன்னொரு காரணமும் உண்டு. பிரிண்டரில் பொதுவாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். தலைக்கவசத்தைப் பின்சீட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது வாய் கோணியிருக்கும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாங்கும், நம் ஊருக்கு அதுதான் நல்லது. தேய்ப்பதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

#6 சேலம்_ஸ்பார்ட்டன்

புரிகிறது, கலவையாகவே போகிறேன். எந்த ஃபோம், எந்த கம்? கடையில் பஸில் மேட் (கோத்துப் போடும் தரை நுரை விரிப்பு) மட்டும்தான் கிடைக்கிறது.

#7 நுரைக்கத்தி

பஸில் மேட்ல ஒரு பக்கம் வரிவரியா டெக்ஸ்ச்சர் இருக்கும், அது உள்பக்கம் போனா பிரச்சினையில்லை. ஆனா பெரும்பாலும் அடர்த்தி கம்மி. கட்டைவிரலால அழுத்தி எடுங்க. பள்ளம் உடனே மேல வந்தா வாங்கலாம். மெதுவா வந்தாலோ தடம் நின்னாலோ விட்டுடுங்க, ஒரு நாள் போட்டா ஸ்ட்ராப் இடமெல்லாம் குழிஞ்சுடும். செருப்புக்கான ஈவிஏ ஷீட் விக்கற கடைகள்ல கேளுங்க. சென்னைன்னா பெரியமேடு பக்கம் தோல், செருப்புச் சாமான் கடைகள். ஷீட்டா, 2 மி.மீ.-லேர்ந்து தடிமன் வாரியா கேட்டு வாங்கலாம்.

மார்பு, முதுகு, தொடை, கெண்டைக்காலுக்கு 10 மி.மீ. முன்கைக்கும் இடுப்புத் தகடுகளுக்கும் 6 மி.மீ. மேல ஒட்டற பேனல், விளிம்புப் பட்டைக்கு 2 மி.மீ. எல்லாத்தையும் 10-ல செஞ்சா மூட்டு மடங்கற இடத்துல ரெண்டு துண்டு முட்டிக்கும்.

கத்திதான் பாதி வேலை. மழுங்கின பிளேடு ஃபோமைப் பிடிச்சு இழுக்கும், வெட்டு முகம் பல் பல்லா வரும், அந்த முகத்துல கம் சரியாப் பிடிக்காது. ஸ்னாப் பிளேடுன்னா நாலஞ்சு நீள வெட்டுக்கு ஒருமுறை முனையை உடைச்சுடுங்க. 10 மி.மீ.-ஐ ஒரே இழுப்புல வெட்டாதீங்க: முதல் இழுப்பு கோடு, ரெண்டாவது பாதி, மூணாவது அடி வரைக்கும். பிளேடு செங்குத்தா நிக்கணும். ரெண்டு துண்டு மூலையில சேர்ற இடத்துக்கு மூலைக் கோணத்துல பாதி சரிவு. செங்கோண மூலைன்னா ரெண்டு பக்கமும் 45 டிகிரி.

சூடு: வளைக்கறதை எல்லாம் ஒட்டறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. இது ரொம்பப் பேர் தலைகீழாப் பண்ற விஷயம். காண்டாக்ட் சிமென்ட் சூட்டுல இளகும். ஒட்டின மார்புத் தகட்டை அப்புறமா வளைக்கப் போனா, ஃபோம் வளையறதுக்குள்ள இணைப்பு வாய் பிளந்துக்கும். ஹீட் கன்னை 10–15 செ.மீ. தள்ளி, நிக்காம ஆட்டிக்கிட்டே ரெண்டு பக்கமும் காட்டுங்க. மேல்பரப்போட மங்கல் போய் லேசா மினுங்கினா துளைகள் மூடிடுச்சுன்னு அர்த்தம். உடனே தொடையிலயோ பானையிலயோ வெச்சு வளைச்சு, ஆறும் வரைக்கும் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. வேணும்ங்கற வளைவைவிடக் கொஞ்சம் அதிகமா வளைங்க, ஆறும்போது திரும்பி விரியும். ஒரே இடத்துல நிறுத்தினா கொப்புளம் வந்துடும், அதை எடுக்க வழியில்லை.

கம்: ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரியான ரப்பர் காண்டாக்ட் சிமென்ட். ரெண்டு முகத்துலயும் மெல்லிசாத் தடவணும். வெட்டு முகம் கம்மைக் குடிக்கும், அதனால காஞ்சதும் ரெண்டாவது கோட் அவசியம். விரல் வெச்சா ஒட்டணும், இழை வரக்கூடாது. அதுக்கு 10–15 நிமிஷம். அவசரப்பட்டு ஈரத்தோட சேத்தா உள்ளே சால்வென்ட் மாட்டிக்கும், வெளியே பிடிச்சமாதிரி இருந்து மறுநாள் உரியும். நீள இணைப்புல முதல்ல ரெண்டு முனை, அப்புறம் நடு, பிறகு இடைவெளிகள். ஒரு முனையிலேர்ந்தே ஒட்டிக்கிட்டு போனா கடைசியில அரை செ.மீ. மிச்சம் நிக்கும். முழு பலம் வர 24 மணி நேரம், அதுக்கு முன்னால போட்டுப் பாக்காதீங்க.

மாஸ்க்: கம்மிலேர்ந்து வர்ற டொலுயீன் ஆவிக்கு என்95 எதுவும் செய்யாது. அது தூசிக்கு. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் வேணும், ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல அடுப்பு இருக்கக் கூடாது.

#8 பெயிண்ட்_பட்டறை

கம் பற்றி ஒரு சேர்க்கை. மழை நாளில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், சால்வென்ட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதன்மேல் ஈரம் படியும். கம் பளபளப்பு போய் வெளுத்த மாதிரி தெரிந்தால் அதுதான். அப்படியே சேர்த்தால் பிடிக்காது. ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் ஒருமுறை வீசிவிட்டுச் சேருங்கள்.

#9 சேலம்_ஸ்பார்ட்டன்

மார்பு, முதுகு, தொடை, கெண்டைக்கால், முன்கை முடிந்தன. அளவு சரியாக இருக்கிறது. போட்டு நடந்தால் மூன்று தொல்லை.

தொடைக் கவசம் பத்து நிமிடத்தில் முழங்கால் வரை இறங்குகிறது. உள்ளே எலாஸ்டிக் போட்டு இறுக்கினால் கால் மரத்துப்போகிறது.

கையைத் தூக்கினால் மார்புக் கவசம் முழுவதும் மேலே ஏறி மோவாயில் இடிக்கிறது.

ஒட்டும் வெல்க்ரோ வியர்வையில் கழன்று வருகிறது.

#10 வார்ப்பட்டை

தம்பி, மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். கவசத்தின் எடை உடம்பில் எங்கே இறங்குகிறது என்று முடிவு செய்யாமல், ஒவ்வொரு துண்டையும் அது இருக்கும் இடத்திலேயே கட்டியிருக்கிறீர்கள். தொடை மேலே அகலம், கீழே குறுகல். அதை எவ்வளவு இறுக்கினாலும் இறங்கத்தான் செய்யும். தொங்கவிட வேண்டும்.

முதலில் ஒரு இடுப்பு வார் தையுங்கள். 40 மி.மீ. நைலான் வெப்பிங் (பைகளில் வரும் வார்ப்பட்டை), முன்னால் சைடு ரிலீஸ் பக்கிள், உள்பக்கம் 6 மி.மீ. ஃபோம் பட்டையைத் துணியில் சுற்றி மெத்தை. இதை இடுப்பெலும்பின் மேல் கட்ட வேண்டும், வயிற்றில் அல்ல. பேன்ட் பெல்ட் இதற்கு ஆகாது. இந்த வார் கவசத்துக்குள் மறைந்துவிடும். இதிலிருந்து ஒவ்வொரு தொடைக்கும் 25 மி.மீ. வெப்பிங் இரண்டு: ஒன்று வெளிப்பக்கம், ஒன்று சற்று முன்பக்கம். உள்தொடைப் பக்கம் எதுவும் வேண்டாம், உரசிப் புண்ணாகும். நீளம் கூட்டிக் குறைக்க லேடர்லாக் (பைத் தோள்பட்டையில் வரும் பிளாஸ்டிக் கொக்கி) போடுங்கள். வெளிப்பட்டையின் நடுவில் 8 செ.மீ. மட்டும் எலாஸ்டிக் வையுங்கள், அடி எடுத்து வைக்கும்போது அது கொடுக்கும். முழு நீளமும் எலாஸ்டிக் என்றால் தொடை துள்ளும். பிறகு உள்ளே இறுக்கவே தேவையில்லை. ஆடாமல் இருக்க முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு தளர்ந்த எலாஸ்டிக் வளையம் போதும்.

கெண்டைக்கால் கவசம் ஷூவின் மேல் உட்காரட்டும். உட்காரும் இடத்தில் உள்பக்கம் ஒரு 10 மி.மீ. ஃபோம் படி ஒட்டினால் அது கணுக்காலை இடிக்காது.

இப்போது மார்பு. கை தூக்கும்போது தோள் மேலே போகும், அது இயற்கை. உங்கள் மார்பும் முதுகும் தோளில் ஒரே விறைப்பான துண்டாக இணைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை வெட்டிவிடுங்கள். தோள்மேல் 40 மி.மீ. வெப்பிங், பக்கவாட்டில், அக்குளுக்கு ஒரு கை கீழே, 40 மி.மீ. எலாஸ்டிக், அதில் ஒரு பக்கம் பக்கிள். கூடவே அக்குள் வெட்டைப் பெரிதாக்க வேண்டும்: கையை முன்னால் நீட்டி எதிர்த்தோளைத் தொடுங்கள், எங்கே இடிக்கிறதோ அங்கே மார்க்கரால் கோடு போட்டு ஒரு செ.மீ. வெட்டுங்கள். மறுபடி தொடுங்கள். கருப்பு உடுப்பு தெரிவதால் எதுவும் கெட்டுப்போகாது, கேமிலும் அங்கே கருப்புதான்.

மார்பின் கீழ் விளிம்புக்கும் வயிற்றுத் தகட்டுக்கும் இடையே 4–5 செ.மீ. ஏறிப் படியும் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்ததும் வயிற்றுத் தகடு மார்பைத் தள்ளும், மார்பு மோவாயை இடிக்கும். நீங்கள் சொல்லும் இடியில் பாதி இதனாலும் இருக்கலாம்.

தோள் மூடியை மார்பில் ஒட்டாதீர்கள். தோள் வெப்பிங்கில் ஒரு கண்ணி வைத்துத் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தை மேற்கையைச் சுற்றி எலாஸ்டிக்கில் கட்டினால் கையோடு எழும், கையோடு இறங்கும்.

வெல்க்ரோ: பசை உள்ள வெல்க்ரோவை நம்பவே கூடாது. பசையில்லாத தையல் வெல்க்ரோ வாங்கி வெப்பிங்கில் தைத்து, வெப்பிங்கை ஃபோமில் பொருத்துங்கள். பொருத்தும் விதம் இதுதான்: வெப்பிங் நுனியை நேராக ஃபோமில் ஒட்டினால் இழுவையில் ஃபோமின் மேல்தோலோடு உரியும். ஃபோமில் 26 மி.மீ. பிளவு போட்டு, வெப்பிங்கை உள்ளேயிருந்து வெளியே எடுத்து, மறு பிளவு வழியாக உள்ளே கொண்டுவந்து தைத்துவிடுங்கள். வெளியே தெரியும் அந்தச் சிறு துண்டை ஒரு 2 மி.மீ. பேனலால் மூடலாம். பிளவு போட மனமில்லை என்றால், 10×10 செ.மீ. கேன்வாஸ் துணியில் வெப்பிங்கைப் பெட்டித் தையல் போட்டு, அந்தத் துணி முழுவதையும் காண்டாக்ட் சிமென்ட்டில் ஒட்டுங்கள். இழுவை நுனியில் விழாமல் பரப்பில் விழும். வெப்பிங்கை வெட்டியதும் நுனியை லைட்டரில் உருக்கிவிடுங்கள், பிரியாது. பை தைக்கும் கடைகளில் பக்கிள், லேடர்லாக், வெப்பிங் எல்லாம் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

கவட்டை மூடும் கீழ்த் தகட்டை இரண்டே பக்கிளில் தனியாகக் கழற்றும்படி வையுங்கள். ஆறு மணி நேரத்தில் கழிப்பறைக்குப் போகத்தான் வேண்டும்.

உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்து, மடிப்பு விழுந்து உரசும். உடம்பை ஒட்டிய பாலியெஸ்டர் உடுப்புதான் சரி.

#11 சேலம்_ஸ்பார்ட்டன்

> தொங்கவிட வேண்டும்.

நன்றி அக்கா. இடுப்பு வாரில் தொங்கவிட்டதும் தொடை இறங்குவது நின்றுவிட்டது. அக்குளையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்தது தலைக்கவசம். பிரிண்ட் செட்டிங்கும், வைசரில் (முகக் கண்ணாடி) பனி மூடாமலிருக்க வழியும் யாராவது சொல்லுங்கள்.

#12 ஃபிலமெண்ட்117

உங்கள் 220 பெட்டில் ஒரே துண்டாக வராது, வெட்ட வேண்டும். நடுவில் நேராக வெட்டாமல் பேனல் கோடுகள் வழியாகப் பிரியுங்கள். இணைப்பு கோட்டுக்குள் மறைந்துவிடும், பட்டி பார்க்கும் வேலை பாதியாகும். லேயர் 0.2 மி.மீ., சுவர் 4, உள்நிரப்பு 15 சதவீதம் போதும். உறுதி சுவரில்தான் வருகிறது, உள்நிரப்பைக் கூட்டினால் எடைதான் கூடும். இணைப்பு முகங்களில் 2 மி.மீ. துளை விட்டு 1.75 மி.மீ. ஃபிலமெண்ட் (பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக் இழை) துண்டுகளையே ஆணியாகச் செருகுங்கள். சூப்பர் க்ளூவில் நிறுத்தி, உள்பக்கம் இணைப்பு முழுவதும் எபாக்சியில் நனைத்த கண்ணாடி இழைப் பட்டை ஒட்டினால் கீழே விழுந்தாலும் பிரியாது.

தேய்ப்பு: 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120. பள்ளத்துக்கு கார் டிங்கரிங் கடைகளில் போடும் பாடி ஃபில்லர், சின்னத் துளைக்கு என்சி புட்டி. பட்டியை மெல்லிசாக இரண்டு மூன்று முறை இழுங்கள். தடித்து ஒரே முறை போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும், பிறகு பெயிண்டுக்கு அடியில் சுருங்கிக் குழி காட்டும். பிறகு ஃபில்லர் பிரைமர், 220 உலர், 400 நீர்த்தேய்ப்பு. மெஷினில் தேய்ப்பதானால் மெதுவாக. வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி உப்புத்தாளில் அடைத்துக்கொள்ளும்.

வைசருக்குச் சுலப வழி, தங்க நிறக் கண்ணாடிப் பூச்சுள்ள பைக் ஹெல்மெட் வைசரை வெட்டுவது. அது ஒரு திசையில்தான் வளைந்திருக்கும், மூலைகளில் இடைவெளி விடும். அந்த இடைவெளியை உள்பக்கம் கருப்பு ஃபோம் பட்டையால் அடைக்கலாம். கச்சிதமாக வேண்டுமானால் 1 அல்லது 1.5 மி.மீ. பெட்ஜி ஷீட்டைச் சூடாக்கி அச்சின்மேல் இழுக்க வேண்டும். அச்சைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துக்கொள்ளுங்கள். பிஎல்ஏ அச்சு அந்தச் சூட்டில் தானே அமுங்கிவிடும்.

வைசரை ஒட்டக் கூடாது. 3 மி.மீ. போல்ட், ரப்பர் வாஷர், நாலு இடம். குறிப்பாக சூப்பர் க்ளூவை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து வைசர் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தால் போகாது. தலைக்கவசத்தின் உள்பக்கம் முழுவதும் மங்கல் கருப்பு அடியுங்கள். உள்ளே வெளிச்சம் குறைந்தால்தான் வெளியே இருப்பவருக்கு முகம் தெரியாது, உங்களுக்கும் பிரதிபலிப்பு இருக்காது.

#13 சால்டர்_புகை

பனிக்கு இரசாயனத்தைவிட காற்றோட்டம் முக்கியம். மூச்சுக்காற்று ஈரம், வைசர் அதைவிடக் குளிர்ச்சி, அதனால் படிகிறது. 5 வோல்ட் பிளோயர் ஃபேன் இரண்டு வாங்குங்கள், 40 மி.மீ. அளவு. ஒன்றை நெற்றிக்கு மேலே வைத்து வைசரின் உள்பரப்பை ஒட்டிக் கீழ்நோக்கி ஊதவிடுங்கள். இரண்டாவதை மோவாய்ப் பக்கம் வெளியே இழுக்கும்படி. இரண்டும் உள்ளே ஊதினால் காற்றுக்கு வெளியேற வழி இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மெத்தை நுரையில் காது பக்கம் வழி விடுங்கள், முழுவதும் அடைத்தால் ஃபேன் இருந்தும் பயனில்லை.

மின்சாரக் கணக்கு: ஒரு ஃபேன் 0.2 ஆம்பியர் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 2 வாட். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 37 வாட்-மணி, மாற்றும்போது போகும் நஷ்டம் கழித்து சுமார் 30. பதினைந்து மணி நேரம் ஓடும், உங்களுக்கு ஒரு நாள் தாராளம்.

தலைக்கவச விளக்குக்கு வெள்ளை எல்ஈடி ஒவ்வொன்றுக்கும் தனியாக 100 ஓம் ரெசிஸ்டர். 5 வோல்ட்டில் எல்ஈடி 3.2 எடுத்துக்கொண்டால் மீதி 1.8, அதில் 18 மில்லி ஆம்பியர் ஓடும், போதும். ஒரே ரெசிஸ்டரில் நாலு எல்ஈடியை இணையாகப் போட்டால் ஒன்று பிரகாசமாக, ஒன்று மங்கலாக எரியும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: பவர் பேங்கில் எல்ஈடி மட்டும் இணைத்தால் அரை நிமிடத்தில் அணைந்துவிடலாம். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஃபேனையும் அதே வரியில் போட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது.

பவர் பேங்க் தலையில் வேண்டாம், முதுகுத் தகட்டின் உள்பையில். தலைக்கும் முதுகுக்கும் இடையே பிளக் வைத்து, இழுத்தால் கழலும்படி விடுங்கள். ஸ்விட்ச் இடுப்பில், கையுறை போட்ட விரலுக்கு எட்டும் இடத்தில்.

#14 பெயிண்ட்_பட்டறை

இனி என் பக்கம்.

ஃபோம் இணைப்புக் கோடுகளை அக்ரிலிக் சீலண்ட் இழுத்து, ஈர விரலால் வழியுங்கள். காய்ந்தபின் அதைத் தேய்க்க முடியாது, ரப்பர் மாதிரி உருளும், ஆகவே ஈரத்திலேயே சமமாக்க வேண்டும். தேய்க்க வேண்டிய இடங்களை முன்னரே டிரெமல் என்ற சிறு சுழல் கருவியில் சாண்டிங் டிரம் போட்டு முடித்து, ஹீட் கன்னை வேகமாக ஒருமுறை வீசிப் பொடி நாரை அடக்கிவிடுங்கள். ஒட்டியபின் காட்டும் சூடு இந்த அளவோடு நிற்கட்டும்.

அடிப்பூச்சு நெளிந்து கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். பிளாஸ்டி டிப் என்ற ரப்பர் பூச்சு மெல்லிய கோட் நாலைந்து, கோட்டுக்குக் கோட் அரை மணி இடைவெளி. வெள்ளை மரக்கம்மில் தண்ணீர் கலந்து ஏழெட்டு கோட் அடிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. செலவு குறைவுதான், சுவரில் மாட்டும் பொருளுக்குச் சரி. வியர்வை படும் கவசத்துக்கு ஆகாது. ஈரத்தில் பிசுபிசுக்கும், வெளுக்கும்.

மார்க் 6-இன் பச்சை ஒரே பச்சை அல்ல. அடியில் கருப்பு, அதன்மேல் விளிம்புகளிலும் உரசும் இடங்களிலும் வெள்ளி. வெள்ளி காய்ந்ததும், பெயிண்ட் உதிர்ந்த மாதிரி தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லியைச் சிறு ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். அதன்மேல் ஆலிவ் பச்சை. தொட்டால் ஒட்டாத பதத்தில் துணியால் தேய்த்தால் ஜெல்லி இருந்த இடம் மட்டும் உரிந்து அடியில் வெள்ளி தெரியும். தூரிகையால் வரைந்த கீறல் எப்போதும் வரைந்தது போலவே இருக்கும், இது நிஜமாக உதிர்ந்தது. எங்கே உதிரும் என்று யோசித்து வையுங்கள்: முழங்கை, முழங்கால், விரல் படும் இடம், துப்பாக்கி உரசும் மார்பு ஓரம். தகட்டின் நடுவில் கீறல் வேண்டாம். எல்லா இடத்திலும் சமமாக உதிர்த்தால் வடிவம் குழம்பிவிடும்.

ஜெல்லியைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கருப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு, ஒரு துளி பாத்திரச் சோப்பு. கோடுகளில் ஓடவிட்டு, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மழையும் அழுக்கும் அந்தத் திசையில்தான் இறங்கும். கடைசியில் மேட் கிளியர் இரண்டு கோட்.

#15 சேலம்_ஸ்பார்ட்டன்

முன்கைத் துண்டு ஒன்றில் சோதனைக்கு எனாமல் ஸ்ப்ரே பச்சை அடித்தேன், அடியில் பிளாஸ்டி டிப்தான். நாலு நாள் ஆகியும் விரல் ஒட்டுகிறது, மடக்கும் இடத்தில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. ஏன்?

#16 பெயிண்ட்_பட்டறை

எனாமல்தான் காரணம் தம்பி. ரப்பர் பூச்சின்மேல் எண்ணெய் எனாமல் சரியாக இறுகாது. இறுகின இடத்திலும் கண்ணாடிபோல் விறைத்து நிற்கும், அடியில் ரப்பர் வளையும்போது மேல்தோல் வளையாமல் வெடிக்கும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் மட்டும் பயன்படுத்துங்கள், மெல்லிய கோட்டுகளாக. அந்தத் துண்டைக் காப்பாற்றலாம்: பிளாஸ்டி டிப்பை ஓரத்தில் கிளப்பிப் பாருங்கள், தடித்திருந்தால் எனாமலோடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். வந்தால் ஃபோமை மறுபடி லேசாகச் சூடு காட்டித் தொடக்கத்திலிருந்து அடிக்கலாம். மெல்லிசாக இருந்து உரியாவிட்டால் புதிதாக வெட்டுவதே நேரம் மிச்சம், முன்கைக்கு 6 மி.மீ. ஷீட் அதிகம் தேவைப்படாது.

மழை நாளில் கிளியர் அடிக்காதீர்கள், பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும்.

#17 வார்ப்பட்டை

நிகழ்ச்சிக்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் முழு செட்டும் போட்டு நடக்க வேண்டும். உட்காருங்கள், குந்துங்கள், படி ஏறி இறங்குங்கள். தலைக்கவசம் போட்டதும் கால் பாதம் தெரியாது, படிக்கட்டில் கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். கழற்றியதும் தோலில் சிவந்திருக்கும் இடங்களைப் பாருங்கள், அங்கெல்லாம் உள்பக்கம் விளிம்பைச் சீவி மென்துணி ஒட்டுங்கள்.

கூட வருபவர் பையில்: சூப்பர் க்ளூ, சிறு டப்பாவில் காண்டாக்ட் சிமென்ட், உபரி பக்கிள் இரண்டு அளவிலும், எலாஸ்டிக், ஊசி நூல், ஊக்கு, கருப்பு டேப், அதே பச்சையில் ஒரு சிறு குப்பி, நீள ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில். சூப்பர் க்ளூ ஃபோமில் உடனே பிடிக்கும், ஆனால் விறைத்துவிடும். அன்றைக்கு ஒப்பேற்றலாம், வீட்டுக்கு வந்ததும் வெட்டி எடுத்துக் காண்டாக்ட் சிமென்ட்டில் ஒட்டுங்கள்.

எடுத்துப்போகும்போது ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். சூட்டில் பாரம் இருந்தால் ஃபோம் நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். மார்பின் உள்ளே போர்வையைச் சுருட்டி வைத்து, தொடைக்குள் முன்கையைச் செருகுங்கள். விமானத்தில் போவதானால் பவர் பேங்க் கைப்பையில்தான், செக்கின் பெட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

#18 சேலம்_ஸ்பார்ட்டன்

கடைசியாக ஒன்று அக்கா. தொடையின் முன்பட்டை உட்காரும்போது தளர்ந்து, எழுந்தபின் லேடர்லாக்கில் நழுவி நீளமாகிவிடுகிறது.

#19 வார்ப்பட்டை

லேடர்லாக் இழுவையில் இருக்கும்போதுதான் பிடிக்கும், தளர்ந்தால் வெப்பிங் வழுக்கும். சரியான நீளத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா, அந்த இடத்தில் குறுக்காக நாலு தையல் போட்டுவிடுங்கள். வெளிப்பட்டையை மட்டும் கூட்டிக் குறைக்க விடுங்கள்.